விளையில் நிற்கும் அயினியா, கான்கிரீட் தளமா, கப்பலில் வரும் தேக்கா?

குமரி மாவட்டத்தில் குழித்துறைக்குப் பக்கத்தில் எங்கள் பாட்டா கட்டிய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு அதே மனையில் ஆயிரம் சதுர அடியில் புது வீடு கட்டலாம் என்று போன வருஷம் பேச்சு வந்தது. பேச்சு வந்த அன்றைக்கே வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. மாமாவும் தம்பியும் கான்கிரீட் தளம்தான் என்றார்கள், அம்மா ஓட்டுக்கூரையை விடமாட்டேன் என்றாள், நான் நடுவில் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தேன். வீட்டைச் சுற்றியுள்ள விளையில், அதாவது தோப்பில், ஆறு அயினி (ஆஞ்சிலி என்றும் சொல்வார்கள், பலாவின் இனம்) நின்றது, இரண்டு பலா, பாட்டா நட்ட நாலு தேக்கு, ஓரத்தில் கொஞ்சம் ரப்பர், காய்ப்பு நின்றுபோன தென்னை ஏழெட்டு. இந்த மரத்தை விற்ற காசில் சிமெண்டும் கம்பியும் வாங்குவதா, இல்லை மரத்தையே கூரையும் நிலையும் ஆக்குவதா? நாலைந்து மாதம் மில், சூளை, ஆசாரி வீடு என்று அலைந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். மார்த்தாண்டம், அருமனை, களியக்காவிளை, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று இதே கேள்வியோடு நிற்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் விற்கிற கதை. ஒரு மர வியாபாரி வந்து, நின்ற மரமாகவே ஆறு அயினிக்கும் மொத்தமாக ஒரு விலை சொன்னார். அடுத்த வாரம் நிலைக்கும் கதவுக்கும் மரம் விசாரிக்க ஒரு கடைக்குப் போனால், ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் கப்பலில் வந்த தேக்கு அடுக்கி வைத்திருக்கிறது, கன அடி விலையைக் கேட்டேன். இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது வயிறு எரிந்தது. நம் மண்ணில் முப்பது வருஷம் நின்று வைரம் பாய்ந்த மரத்தை விறகு விலையை ஒட்டிக் கொடுத்துவிட்டு, எந்தக் காட்டில் எப்படி வெட்டியது என்றே தெரியாத மரத்தைப் பல மடங்கு விலைக்கு வாங்குகிறோம். அளக்கிற முறையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். ஐந்து அடி சுற்றும் இருபது அடி நீளமும் உள்ள தடி இந்தக் கணக்கில் 31 கன அடி வரும். உருளையாக எடுத்துக்கொண்டு அளந்தால் அதே தடி கிட்டத்தட்ட 40 கன அடி. அறுக்கும்போது சேதாரம் உண்டு என்பதற்காக வந்த பழைய வழக்கம் அது, ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் விற்கிறவர் இது தெரியாமலே கையெழுத்துப் போடுகிறார்.

சரி, கூரைக்கு வருகிறேன், ஏனென்றால் வீட்டின் கரிக் கணக்கில், அதாவது வீட்டுக்கான பொருளைச் செய்யும்போது காற்றில் கலக்கிற கார்பன் டை ஆக்சைடின் கணக்கில், பெரிய தொகை அங்கேதான் இருக்கிறது. மரமா ஸ்டீலா என்று கதவுக்கு ஒரு மாதம் யோசிக்கிறவர்கள் தளத்துக்கு ஒரு நிமிஷமும் யோசிப்பதில்லை. ஆயிரம் சதுர அடிக்கு ஐந்து அங்குலத் தளம் போட்டால் கிட்டத்தட்ட பன்னிரண்டு கன மீட்டர் கான்கிரீட். சிமெண்ட் 85 மூட்டைக்குக் குறையாது, கம்பி ஏறக்குறைய ஒரு டன். சிமெண்ட் என்பது சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரி வரை சுட்டு எடுப்பது. சூளை எரிக்கிற எரிபொருளின் புகை ஒரு பக்கம், அந்தக் கல்லே சூட்டில் உடைந்து வெளியே விடுகிற கார்பன் டை ஆக்சைடு இன்னொரு பக்கம். பாதிக்கு மேல் கல்லிலிருந்தே வருவதால், சூளையை எதை வைத்து எரித்தாலும் அந்தப் பங்கு மிச்சம் நிற்கும். உலகத்தின் மொத்தக் கார்பன் டை ஆக்சைடில் ஏழெட்டு சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. இரும்பு ஒரு டன் உருக்கினால் இரண்டு டன்னுக்கு மேல். இரண்டையும் கூட்டினால் எங்கள் ஒரு தளத்துக்கு மட்டும் ஐந்து டன் பக்கம் வருகிறது. இது என் தோராயக் கணக்கு, எஞ்சினியர் போட்டால் அரை டன் முன்னே பின்னே இருக்கலாம். ஜல்லியும் எம்சாண்டும் தனி. எல்லை தாண்டிப் போகிற கல் லாரிகளைப் பார்த்து, மலை போகிறதே என்று நாம் எல்லோரும் கொதிக்கிறோம், நானும் கொதிப்பேன். நம் வீட்டுத் தளத்துக்கும் அதே மலையிலிருந்துதான் கல் வருகிறது.

இதே ஆயிரம் சதுர அடிக்கு ஓட்டுக்கூரை என்றால் சாய்வைச் சேர்த்து 1,200 சதுர அடி மேற்பரப்பு வரும். நான்குக்கு இரண்டு அங்குலக் கழுக்கோல் (முகட்டிலிருந்து சாய்வாக இறங்குகிற சட்டம்) இரண்டடிக்கு ஒன்று, அதன் மேல் ஓட்டைத் தாங்குகிற குறுக்குப் பட்டையான ரீப்பர் அடிக்கு ஒன்று, முகட்டு உத்திரம், சுவர் மேல் படுக்கிற கட்டை எல்லாம் சேர்த்து எண்பது கன அடி அறுத்த மரம் போதும் என்றார் எங்கள் ஆசாரி. ஓடு 1,700 வேண்டும், ஒன்று இரண்டரைக் கிலோ வைத்துக்கொண்டால் நாலு டன்னுக்குக் கொஞ்சம் மேலே சுட்ட மண். ஓடும் சூளையில் வேகிறதுதான், அதனால் ஓட்டுக்கூரைக்குக் கரி கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எல்லாம் புது ஓடாக வாங்கினால் ஒரு டன்னை ஒட்டி வரும். பழைய வீட்டு ஓட்டில் உடையாததைத் தட்டிப் பார்த்து எடுத்தால் அதிலும் பாதி குறையும். ஆக ஐந்துக்கு ஒன்று, அல்லது ஐந்துக்கு அரை.

மூன்றாவதாகத் தம்பி ஒரு யோசனை சொன்னான், இரும்புக் குழாயில் டிரஸ் (முக்கோணச் சட்டம்) அடித்து அதன் மேல் ஓடு. மரம் உளுக்காது, கரையான் வராது, மூன்று நாளில் வேலை முடியும், பார்க்கவும் ஓட்டு வீடு போலவே இருக்கும். எனக்கும் மனசு அந்தப் பக்கம் போனது, உண்மையைச் சொல்கிறேன். வெல்டர் சதுர அடிக்கு ஒன்றரைக் கிலோ குழாய் ஆகும் என்றார். 1,200 சதுர அடிக்கு 1,800 கிலோ. இரும்புக்கான அதே கணக்கில் நாலு, நாலரை டன் வந்து நிற்கிறது, ஓட்டின் பங்கைச் சேர்த்தால் தளத்தையே பிடித்துவிடுகிறது. கடற்கரைக் காற்று வீசுகிற குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கமென்றால் குழாய்க்கு வருஷா வருஷம் பெயிண்ட் வேறு. எங்கள் ஊருக்கு இதை நான் தள்ளிவிட்டேன். மரம் எதுவும் இல்லாத மனையில், வெளியிலிருந்து எல்லாமே வாங்க வேண்டிய நிலையில் இருக்கிறவருக்கு இது மோசமான வழி என்று சொல்ல மாட்டேன்.

இங்கே நிறையப் பேர் அவசரப்படுகிற இடம் ஒன்று இருக்கிறது. காய்ந்த மரத்தின் எடையில் பாதி கரி. எங்கள் கூரை மரம் ஒன்றேகால் டன் என்றால், காற்றிலிருந்து இழுத்த இரண்டு டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு அதில் பூட்டி இருக்கிறது. அதனால் மரவீடு கட்டினால் காற்றுக்கு லாபம் என்று கணக்கை முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கரி, மரம் விளையில் நின்றபோதும் அதற்குள்தானே இருந்தது? வெட்டியதும் வேரும் கிளையும் மக்கும், இல்லையென்றால் அடுப்புக்குப் போகும். தடியை அறுத்தால் பாதிதான் சட்டமாக வரும், மீதி தூளும் புறப்பலகையும். முழு மரத்தின் கரியில் மூன்றில் ஒரு பங்கு வீட்டில் நின்றால் பெரிது. அந்த ஒரு பங்கும் ஐம்பது, அறுபது வருஷம் கூரையில் இருக்க வேண்டும், வெட்டிய இடத்தில் புதுக் கன்று வளர்ந்து அதே அளவைத் திரும்ப இழுக்க வேண்டும். இது இரண்டும் நடந்தால்தான் பூட்டிய கரியைக் கணக்கில் சேர்க்கலாம். அதனால்தான் மேலே அந்த இரண்டு டன்னை நான் கழிக்கவில்லை. சிமெண்டும் கம்பியும் வாங்காமல் விட்டதில் மிச்சமானதை மட்டும் எடுத்துக்கொண்டேன், அதுவே நாலு டன்.

இதிலிருந்து இன்னொன்றும் புரிந்தது. வளர்ந்து முடித்த மரத்தை வெட்டுவதும், வேகமாக வளர்ந்துகொண்டிருக்கிற மரத்தை வெட்டுவதும் ஒன்றாகாது. பாட்டா நட்ட தேக்கு நாலும் இன்னும் மூன்றடிச் சுற்றைத் தாண்டவில்லை. வெட்டினால் நடுவில் கொஞ்சம் வைரம், சுற்றிலும் வெள்ளை. தேக்கு என்ற பெயருக்காக அந்த வெள்ளையோடு நிலை அடித்தால் சில வருஷத்தில் பூச்சி உள்ளே இறங்கிவிடும், உளுத்துக் கொட்டும். வைரத்தை மலையாளத்தில் காதல் என்பார்கள், எங்கள் ஆசாரியும் அப்படித்தான் சொல்வார், காதல் இல்லாத தேக்கைவிடக் காதல் உள்ள பலா மேல் என்று. தேக்கை விட்டுவிட்டோம். இன்னும் இருபது வருஷம் நிற்கட்டும்.

அயினியும் பலாவும்தான் இந்த மண்ணின் வீட்டு மரம். அயினி நேராக ஓங்கி வளரும், கரையானுக்கு லேசில் மசியாது, ஈரத்தைத் தாங்கும், இந்தக் கரையோரத்தில் வள்ளம் செய்யவும் அதைத்தான் எடுத்தார்கள். பலா அறுத்தவுடன் மஞ்சளாக இருக்கும், வருஷம் ஆக ஆகப் பழுப்பேறி அழகாகும். தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள் தாய்க்கொட்டாரத்தில் நிற்கிற ஒற்றைப் பலாமரத் தூணைப் பார்த்திருப்பீர்கள். நானூறு வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடம், இரண்டு பருவமழையும் கொட்டுகிற ஊர், மரம் இன்னும் நிற்கிறது. நிற்பதற்குக் காரணம் மரம் மட்டும் இல்லை, கூரை நன்றாகத் தாழ்ந்து வெளியே நீண்டு மழையைச் சுவரில் படவிடாமல் தள்ளுகிறது, காற்று உள்ளே ஓடுகிறது. ஒன்றரையடி நீட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிற இப்போதைய ஓட்டுக்கூரையில் கழுக்கோல் நுனி பத்து வருஷத்தில் மக்கினால் அது மரத்தின் குற்றமாகாது.

ரப்பர் மரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம் மாவட்டத்தில் அது அவ்வளவு இருக்கிறது. இருபத்தைந்து முப்பது வருஷத்தில் பால் குறைந்ததும் எப்படியும் வெட்டி மறுநடவு செய்கிறார்கள், ஆக வீட்டுக்காக யாரும் புதிதாக ஒரு மரத்தைக் கொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதற்குள் மாவுச்சத்து நிறைய, வெட்டிப் போட்டால் சில நாளிலேயே பூசணமும் வண்டும் வந்துவிடும். உடனே அறுத்து, போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தினால்தான் பலகையாக நிற்கும். அந்த மருந்து மழையில் கரைந்து போய்விடும் என்பதால் கூரைக்கும் வெளிக்கதவுக்கும் ஆகாது. உள்ளறைக் கதவு, சமையலறை அலமாரி, கட்டில் இதற்கெல்லாம் நல்ல மரம். எல்லைக்கு அந்தப் பக்கம் பதப்படுத்துகிற ஆலைகள் இருக்கின்றன, எங்கள் உள்கதவுகளுக்கு அங்கிருந்துதான் வாங்கப் போகிறோம். பிளைவுட்டை விட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

தென்னையும் தள்ளிவிட வேண்டியதில்லை. அறுபது வருஷம் கடந்த தென்னையின் அடித்தண்டில் வெளிப்பக்கம் இரும்பு மாதிரி இருக்கும், உள்ளே பஞ்சு. வெளிப்பக்கத்தை மட்டும் அறுத்து ரீப்பராக்கலாம். பிளேடு சீக்கிரம் மழுங்குகிறது என்று சில மில்லில் அறுக்கவே மாட்டேன் என்கிறார்கள், கொஞ்சம் கெஞ்ச வேண்டியிருக்கும். மாஞ்சியம் மலிவாகக் கிடைக்கிறது என்று பலர் எடுக்கிறார்கள், நான் எடுக்கவில்லை, சரியாக உலராமல் வைத்ததால் கதவு வளைந்துபோன இரண்டு வீட்டைப் பார்த்துவிட்டேன்.

இனி நிலை, கதவு, ஜன்னல். இறக்குமதித் தேக்கைக் கப்பல் புகைக்காக நான் ஒதுக்கவில்லை. கப்பல் ஒரு டன் சரக்கை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுவர எரிக்கிற எண்ணெய் லாரியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, மொத்தக் கணக்கில் அது சின்னத் தொகை. என் தயக்கம் அந்தக் காட்டைப் பற்றி. இங்கே வெட்டிய மரத்துக்குப் பதில் கன்று நட்டேனா என்று என் அம்மா தினமும் போய்ப் பார்ப்பாள். அங்கே யார் பார்ப்பது? அலுமினிய ஜன்னல் இன்னும் மோசம், புது அலுமினியம் ஒரு டன் எடுக்கப் பத்து டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. குளியலறைக்கு மட்டும் பிவிசி கதவும் கல் நிலையும் வைக்கிறோம், எப்போதும் ஈரம் நிற்கிற இடத்தில் மரத்தை வைத்து மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. மற்ற நிலைகளுக்கு ஒரு பலா போதும்.

ஓட்டுக்கூரைக்கு எதிராக மாமா சொன்னதையும் சொல்ல வேண்டும், அவர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை. மேலே மாடி எடுக்க முடியாது. ஓடு மாற்ற ஆள் கிடைப்பது கஷ்டம். தேங்காய் விழுந்தால் உடையும், எலி ஓடும், கல்யாணத்துக்குப் பந்தல் போட மொட்டைமாடி இருக்காது. ஒரு வங்கியில் ஓட்டுக்கூரை என்றதும் கடனுக்கே தயங்கினார்கள். எல்லாவற்றுக்கும் மேல் காற்று. 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கூரையில் ஒரு மூலை ஓடு முழுக்கப் பறந்தது, பக்கத்து விளையில் ரப்பர் வரிசை வரிசையாகச் சாய்ந்தது. விழுந்த மரத்தை அறுத்து உலர்த்த வழி தெரியாமல் விறகுக்குக் கொடுத்தவர்கள்தான் அதிகம், நாங்களும் இரண்டு அயினியை அப்படித்தான் கொடுத்தோம், அதை நினைத்தால் இப்போதும் ஆறவில்லை. ஆனால் அன்றைக்குப் பறந்தது சும்மா அடுக்கி வைத்திருந்த ஓடு. ஓரத்து இரண்டு வரிசையையும் முகட்டு ஓட்டையும் கம்பி போட்டு ரீப்பரோடு கட்டி, கழுக்கோலைச் சுவர்க்கட்டையோடு போல்ட் போட்டு, சுவர்க்கட்டையைச் சுவருக்குள் இறங்குகிற கம்பியால் பிடித்தால் காற்று கூரையைத் தூக்குவது எளிதில்லை. இந்தச் செலவை யாரும் எஸ்டிமேட்டில் போடுவதில்லை, நீங்கள் கேட்டுப் போட வைக்க வேண்டும்.

எஞ்சினியர்கள் மரம் என்றாலே முகம் சுளிப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. காடு அழிகிறது என்று மத்திய பொதுப்பணித் துறை 1993-ல் தன் கட்டடங்களில் மரம் பயன்படுத்துவதைத் தடை செய்தது, 2020-ல்தான் அந்தத் தடையை எடுத்தது. அதற்குள் ஒரு தலைமுறையே மரத்தில் வேலை பார்க்காமல் வளர்ந்துவிட்டது. அதனால் கூரைக்கு எஞ்சினியரையும் ஆசாரியையும் ஒரே நாளில் மனைக்கு வரவழைத்துப் பேச வையுங்கள். நான் தனித்தனியாகப் பேசி ஒரு மாதத்தை வீணாக்கினேன்.

வெட்டுவதற்கு முன்னால் சட்டம். தேக்கு, ஈட்டி, சந்தனம் போன்றவை உங்கள் பட்டா நிலத்திலேயே நின்றாலும் வனத்துறையைக் கேட்காமல் கைவைக்காதீர்கள். நம் மாவட்டத்தில் சில கிராமங்கள் 1949-ம் வருஷத்துத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன, அங்கே மற்ற மரத்துக்கும் அனுமதி வேண்டும். உங்கள் சர்வே நம்பர் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், லாரியில் ஏற்றிய பிறகு பார்த்துப் பயனில்லை. அறுப்பது எல்லைக்கு அந்தப் பக்க மில்லில் என்றால் மாநிலம் தாண்டுகிற காகிதமும் சேரும். நாங்கள் இந்தப் பக்கமே அறுத்தோம்.

அப்புறம் நேரம். மரம் வைத்துக் கட்டுகிறவருக்குப் பணத்தைவிட நேரம்தான் அதிகம் வேண்டும். பச்சை மரத்தில் கழுக்கோல் போட்டால் வெயிலுக்கு முறுக்கும், ஓடு இடைவெளி விட்டு ஒழுகும், பழி மரத்தின் மேல் விழும். அறுத்து, நடுவில் குச்சி வைத்து அடுக்கி, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்று ஆசாரிகள் சொல்கிற கணக்கு பரவாயில்லாத கணக்கு. அதனால் மனையில் வானம் தோண்டுவதற்குக் குறைந்தது ஒரு வருஷத்துக்கு முன்பே மரத்தை வெட்டிவிட வேண்டும். அவ்வளவு பொறுக்க முடியாதென்றால் சூளையில் உலர்த்திக் கொடுக்கிற மில்லைத் தேடுங்கள்.

எங்கள் வீட்டில் கடைசியில் வந்த முடிவு இரண்டு கட்சிக்கும் நடுவில் விழுந்தது. சமையலறை, குளியலறை, வராந்தாவின் ஒரு பகுதி, மொத்தம் 250 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம், தண்ணீர்த் தொட்டியும் மாமா கேட்ட மொட்டைமாடியும் அதன் மேல். அதிலும் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் பரப்பிய முறையில், தளத்தின் கீழ்ப்பாதியில் பழைய ஓட்டைப் பதித்து கான்கிரீட்டைக் குறைக்கிறோம். உடைந்த ஓடு அதற்குப் போதும். மீதி 750 சதுர அடிக்கு ஓட்டுக்கூரை, அதற்கு அறுபது கன அடி மரம். பழைய வீட்டைப் பிரித்தபோது பாட்டா காலத்துக் கழுக்கோலில் நல்லதாக இருபது கன அடி கிடைத்தது, ஆணியைப் பிடுங்கி நுனியை வெட்டினால் இன்னொரு ஆயுசுக்கு நிற்கும் என்று ஆசாரி தட்டித் தட்டிக் காட்டினார். அதனால் ஆறு அயினியில் இரண்டை மட்டும் வெட்டினோம், நிலைக்கு ஒரு பலா. மூன்றாவது அயினிக்கும் கயிறு கட்டிய பிறகு ஆசாரிதான், “மக்களே, இது நிக்கட்டும், உனக்கு வேண்டாம்” என்று அவிழ்க்கச் சொன்னார்.

பலகையும் சட்டமும் இப்போது பழைய தொழுத்தில் குச்சி வைத்து அடுக்கி இருக்கின்றன. மாதம் ஒருமுறை ஒரே துண்டை எடுத்து எடை போட்டு எழுதி வைக்கிறேன், முதல் மூன்று மாதம் வேகமாகக் குறைந்தது, இப்போது மெதுவாகக் குறைகிறது. எடை குறைவது நின்றதும் ஆசாரிக்குச் சொல்ல வேண்டும். வெட்டிய இடத்தில் அம்மா அயினிக் கன்று ஆறும் பலா மூன்றும் வைத்திருக்கிறாள், ஆடு கடித்ததில் ஒன்று போய்விட்டது, எட்டு நிற்கிறது.